நாரா மான்களிடம் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜப்பானின் ஒசாகா நகரில் மூன்று நாள் தங்குகிறோம். நாராவுக்குப் போய் அன்றே திரும்ப முடியுமா? (கோவை வாசகி)

தாராளமாக. ஒசாகா நம்பா நிலையத்திலிருந்து கின்டெட்சு ரயிலில் ஏறக்குறைய 40 நிமிடம். கின்டெட்சு நாராவில் இறங்கி ஐந்தாறு நிமிடம் நடந்தால் நாரா பூங்காவின் மான்கள் கண்ணில் படும். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நாரா நிலையம் என்றால் நடை கூடுதல். குழந்தைகளோடு போகிறவர்கள் கின்டெட்சுவிலேயே போங்கள்.

கேள்வி: வேலியே இல்லையாமே, அந்த மான்கள் யாருடையவை? (மதுரை வாசகர்)

யாருடையவையும் அல்ல. முழுக்க முழுக்கக் காட்டு விலங்குகள். 768இல் எழுந்த கசுகா தைஷா கோயிலின் தெய்வம் தகெமிகசுச்சி, கிழக்கு ஜப்பானின் கஷிமாவிலிருந்து வெள்ளை மான் மீதேறி இங்கே வந்தார் என்பது ஐதிகம். அதனால்தான் மான்களைத் தெய்வத்தின் தூதர்களாக மதிக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது 79 மான்களே மிஞ்சியிருந்தன. 1957இல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். இன்று பூங்காவில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மரங்களைக் கவனியுங்கள்: மானின் வாய் எட்டும் உயரம் வரை இலையே இருக்காது, கத்தரித்து விட்டதுபோல் ஒரே மட்டமாக இருக்கும். அசெபி என்ற புதர் மட்டும் எங்கும் செழித்து நிற்கும். அது நஞ்சு, மான் அதைத் தொடாது.

கேள்வி: தீனி கொடுக்கும்போது மான் கடித்துவிட்டதாகப் பலரும் சொல்கிறார்களே? (திருச்சி வாசகி)

கடிப்பதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம். பூங்காவில் 'ஷிகா செம்பெய்' என்ற வட்டமான மெல்லிய வில்லைகளை விற்கிறார்கள். அரிசித் தவிடும் மாவும் சேர்த்துச் சர்க்கரை போடாமல் சுட்டவை. பத்து வில்லைக் கட்டு 200 யென் அளவில் கிடைக்கும். கட்டைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை மான் தின்றாலும் தீங்கில்லாத வகை. விற்பனையில் ஒரு பகுதி மான்களின் பராமரிப்புக்குப் போகிறது.

கடையருகே நின்று கட்டைப் பிரிக்காதீர்கள். அங்கே காத்திருக்கும் மான்கள் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொள்ளும். கொஞ்சம் தள்ளிப் போய், ஒன்றிரண்டு மான் மட்டும் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு வில்லையாக உடனே கொடுத்துவிடுங்கள். மான் தலையைத் தாழ்த்தி வணங்கும். பார்க்க அத்தனை அழகு! இன்னொரு முறை வணங்கட்டும் என்று வில்லையை உயர்த்திப் பிடித்து ஆட்டம் காட்டினால்தான் வினை. பொறுமை இழந்த மான் சட்டையைப் பிடித்து இழுக்கும், வயிற்றிலோ பின்புறத்திலோ கடிக்கும், முட்டித் தள்ளும். சிறு குழந்தைகளின் முகமும் மானின் தலையும் ஒரே உயரத்தில் இருக்கும். அதனால் வில்லையைக் குழந்தையிடம் தனியாகக் கொடுத்து அனுப்பாதீர்கள், கூடவே நில்லுங்கள்.

தீர்ந்ததும் இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கை தெரியும்படி காட்டுங்கள். மான் ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடும். ஒரு வில்லையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு கையை விரித்தால் பலிக்காது, மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடும். காலையில் அவற்றுக்குப் பசி அதிகம், வேகமாக நெருங்கும். தயக்கம் உள்ளவர்கள் பிற்பகலில் கொடுக்கலாம்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? (சேலம் வாசகர்)

எப்போதும் போகலாம், இரண்டு பருவங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மே நடுவிலிருந்து ஜூலை வரை குட்டி ஈனும் காலம். புல்லில் தனியாகப் படுத்திருக்கும் குட்டி கைவிடப்பட்டதல்ல, தாய் அருகில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். தொட்டால் மனித வாடை ஒட்டி, தாய் அதை ஏற்காமல் போகக்கூடும். கிட்டே போனாலே தாய் பாய்ந்து வரும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இணை சேரும் காலம். அப்போது கிடாக்களுக்கு மூர்க்கம் அதிகம். சேற்றில் புரண்டு உடலெல்லாம் கருத்து நிற்கும் கிடாவைக் கண்டால் விலகிப் போங்கள். அக்டோபரில் ரொகுயென் என்ற மான் காப்பகத்தில் கொம்பு அறுக்கும் சடங்கு நடக்கும், 1670களில் தொடங்கியது. அந்தப் பருவத்தில் கொம்பு இரத்த ஓட்டம் நின்று உலர்ந்த எலும்பாகிவிடுவதால் மானுக்கு வலிக்காது.

கேள்வி: நாங்கள் கொண்டுபோகும் ரொட்டி, பழம் கொடுக்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

கூடாது. அவற்றின் உணவு புல்லும் இலையும்தான். அதைவிட முக்கியம், உணவு வாடை ஒட்டிய பிளாஸ்டிக் பையை மான் விழுங்கிவிடும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் அது சுருண்டு தங்கி, வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் உடல் மெலியும். 2019இல் இறந்த ஒரு மானின் வயிற்றிலிருந்து 4.3 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். பூங்காவில் குப்பைத் தொட்டி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஜிப் வைத்த ஒரு பையை எடுத்துப் போய், எல்லாக் குப்பையையும் அதில் போட்டு விடுதிக்கே கொண்டுவந்துவிடுங்கள். வரைபடம், டிக்கெட், கைக்குட்டை எதுவும் சட்டைப் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அவற்றையும் இழுத்து மென்றுவிடும்.