கடலோர ஊரில் வீடு: விலை ஏறுகிறது என்கிறார்கள், விற்காமலும் கிடக்கிறதே?

கேள்வி: நான் ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு சிறிய கடலோர ஊரில் வீடு வாங்கிக் குடியேற நினைக்கிறோம். அங்கே ஒரே ஆண்டில் சராசரி விலை 18 சதவீதம் ஏறிவிட்டது, இப்போது விட்டால் பிடிக்க முடியாது என்கிறார் தரகர். ஆனால் எங்கள் மனதுக்குப் பிடித்த வீடு, கடலைப் பார்த்த முதல் வரிசையில் இருப்பது, எட்டு மாதமாக விற்காமல் கிடக்கிறது. ஊர்ச் செய்தித்தாளைத் திறந்தால் கடல் தடுப்புச் சுவர், பள்ளி இணைப்பு, விடுமுறை வாடகைக்குக் கட்டுப்பாடு என்று வாரம் ஒரு செய்தி. எதை நம்புவது? இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா?

பதில்: பொறுக்கலாம். 18 சதவீதமும் உண்மையாக இருக்கலாம், எட்டு மாதமும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒரே ஊரில் எப்படி நடக்கிறது என்பது புரிந்தால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் அந்த 18. சிறிய ஊரில் ஆண்டுக்கு நாற்பது வீடு கைமாறினாலே அதிகம். போன ஆண்டு விற்ற நாற்பதும் பழைய வீடுகள், சராசரி விலை 100 என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு அதே போன்ற பழைய வீடுகள் முப்பது, அதே 100க்கு விற்றிருக்கின்றன. கூடவே புதிதாகக் கட்டிய அடுக்ககத்தில் பத்து வீடு, தலா 172க்கு. கூட்டி வகுத்துப் பாருங்கள்: சராசரி 118. எந்தப் பழைய வீட்டுக்காரருக்கும் கையில் ஒரு காசு கூடுதலாக வரவில்லை, ஆனால் ஊர் விலை 18 சதவீதம் ஏறிவிட்டது! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் ஒரே அரிசி வெந்த பானைக்குத்தான். கடலோர ஊரில் முதல் வரிசை மாளிகையும், மீனவர் தெருவின் ஓட்டு வீடும், மேட்டுப்பகுதிக் குடியிருப்பும் ஒரே பானையில் கிடக்கின்றன.

சராசரிக்குப் பதில் நடு விலையைக் கேளுங்கள். விற்ற வீடுகளை விலை வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பதை எடுப்பது அது. சராசரியைவிடத் தேவலாம், என்றாலும் விற்பனை குறைந்த ஊரில் அதுவும் ஆடும். நான் நம்புவது வேறொரு வழி: ஒரே வீடு இரண்டு முறை விற்றபோது கிடைத்த விலைகளை ஒப்பிடுவது. பொருளாதார அறிஞர்கள் கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் 1980களில் அமெரிக்க வீட்டு விலைக் குறியீட்டை இந்த அடிப்படையில்தான் அமைத்தார்கள். உங்களுக்குக் குறியீடு வேண்டாம். கடந்த பத்து ஆண்டில் இரண்டு முறை கைமாறிய ஏழெட்டு வீடுகளின் பதிவு விலையை ஒரு தாளில் எழுதினால் போதும், தரகரின் சதவீதத்தைவிட ஊரைப் பற்றி அதிகம் சொல்லும். இடையில் மாடி கட்டிய வீட்டை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒப்பிடும்போது பருவத்தையும் கவனியுங்கள். கடலோர ஊரில் வெயிலும் விடுமுறையும் சேர்ந்து வரும் மாதங்களில் வருகிறவன் எல்லாம் வாங்குகிறவனாகத் தெரிவான். இந்த ஆண்டின் அந்த மூன்று மாதங்களைப் போன ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும், முந்தைய காலாண்டோடு அல்ல. அதேபோல விளம்பரத்தில் கேட்கும் விலை ஆசை, பத்திரத்தில் பதிவான விலைதான் விலை. பதிவு மதிப்பைக் குறைத்துக் காட்டும் வழக்கம் உள்ள இடங்களில் அதையும் ஒரு கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பது வேறு கதை.

இனி அந்த எட்டு மாதம். முதல் வரிசை வீடு விற்காமல் கிடந்தால், விலை அதிகம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். என் அனுபவத்தில் பேரம் படிந்த பிறகுதான் இப்படிப்பட்ட விற்பனைகள் முறிகின்றன. வாங்குகிறவர் வீட்டுக்கடனுக்குப் போவார், வங்கி வெள்ளக் காப்பீடு கேட்கும், காப்பீட்டு நிறுவனம் சொல்லும் பிரீமியத்தைப் பார்த்ததும் அவர் பின்வாங்குவார். வீடு மறுபடி விற்பனைக்கு வரும். இரண்டு முறை இப்படி நடந்தால் எட்டு மாதம் ஓடிவிடும். ஆகவே வீட்டுக்காரரிடம் விலை பேசுவதற்கு முன்பே அந்த முகவரியைச் சொல்லி இரண்டு நிறுவனங்களில் பிரீமியம் கேளுங்கள். முன்பு யாரேனும் பேசி விட்டுப் போனார்களா, ஏன் போனார்கள் என்று தரகரிடம் நேராகக் கேளுங்கள். வெள்ளக் காப்பீட்டை மழை மேகம் பார்த்து எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் கழித்தே பாதுகாப்பு தொடங்கும்.

“நூறாண்டு வெள்ளம்தானே, நம் காலத்தில் வராது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் என்பது அதன் பொருளல்ல. எந்த ஓர் ஆண்டிலும் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் பொருள். 30 ஆண்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று. கடல் மட்டம் அப்படியே நிற்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நிற்கவில்லை: 1901இலிருந்து 2018 வரை உலகச் சராசரியில் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிறகான வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. வரை போயிருக்கிறது என்பது காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா.வின் பன்னாட்டு அரசுக் குழு (ஐ.பி.சி.சி.) தன் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையில் தரும் கணக்கு.

சந்தை இதை அறியாமலில்லை. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கடலிலிருந்து ஒரே தூரத்தில் உள்ள, ஒரே மாதிரியான வீடுகளை ஒப்பிட்டது. கடல் மட்டம் உயர்ந்தால் நீர் புகக்கூடிய வீடுகள் சுமார் 7 சதவீதம் குறைவாக விற்றன. அந்தத் தள்ளுபடியைக் கேட்டு வாங்கியவர்களில் முன்னின்றவர்கள் முதலீட்டுக்காக வாங்குகிறவர்கள். அங்கேயே வாழப் போகிறவர்கள் அலையைப் பார்த்து மயங்கி முழு விலை கொடுத்துவிடுகிறார்கள் போலும். நீங்கள் இரண்டாவது வகை, அதனால்தான் சொல்கிறேன்.

ஊர்ச் செய்திக்கு வருவோம். பதிவு விலை ஆறு மாதத்துக்கு முன் நடந்ததைச் சொல்லும். உள்ளாட்சி மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், இன்னும் ஆறு ஆண்டில் நடக்கப் போவதைச் சொல்லும். வேல்ஸ் நாட்டின் ஃபேர்போர்ன் என்ற கடலோரச் சிற்றூரைப் பாருங்கள். அதன் கடல் தடுப்புகளை 2054க்குப் பிறகு பராமரிப்பதாக இல்லை என்பது கரை மேலாண்மைத் திட்டத்தில் இருந்தது. 2014இல் அது ஊடகத்தில் வெளிவந்ததும் வீட்டு விலை சரிந்தது, அங்கே வீடு வாங்கக் கடன் கிடைப்பதே கடினமாயிற்று. ஊருக்குள் கடல் வரவில்லை, செய்திதான் வந்தது. 40 ஆண்டுக்குப் பின் நடக்க இருப்பது அன்றைக்கே விலையில் இறங்கிவிட்டது. உங்கள் ஊருக்கும் அப்படியொரு கரை மேலாண்மைத் திட்டம் இருக்கக்கூடும், பெயர் மட்டும் மாறலாம். அதில் உங்கள் தெரு “காக்கப்படும்” பகுதியா, “விட்டுவிடப்படும்” பகுதியா என்று தேடிப் படியுங்கள்.

தடுப்புச் சுவர் வரப் போகிறது என்றால் விலை ஏறும் என்பார் தரகர். எந்த இடத்தில், யார் காசில் என்று கேளுங்கள். கடலோரமாக மணல் ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அலைத்தடுப்போ தூண்டில் வளைவோ போட்டால் மணல் வரும் பக்கத்தில் கரை வளரும், மறுபக்கத்தில் அரிக்கும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து ஓஷன் சிட்டியில் 1933 புயல் ஒரு முகத்துவாரத்தைத் திறந்தது. அது மூடாமலிருக்க இருபுறமும் கல் போட்டார்கள். வடக்கே நகரத்தின் கடற்கரை அகன்றது, தெற்கே அசடீக் தீவின் வடமுனை நிலத்தை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே போனது. ஆகவே வரைபடத்தில் சுவர் முடியும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். உங்கள் வீடு அதற்கு அப்பால், மணல் நகரும் திசையில் இருந்தால் அந்தச் செய்தி உங்களுக்கு நல்ல செய்தியல்ல. செலவு பொது நிதியிலா, கரையோர வீட்டுக்காரர்கள் மேல் சிறப்பு வரியாகவா என்பதும் அதே கூட்டக் குறிப்பில் இருக்கும்.

விடுமுறை வாடகைக் கட்டுப்பாடு உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் சாதகம்தான். வாடகைக் கணக்குப் போட்டு வாங்குகிறவர் ஒதுங்குவார். வேல்ஸில் 2023 ஏப்ரல் முதல், இரண்டாம் வீடுகளுக்கு வழக்கமான உள்ளாட்சி வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதலாக விதிக்க மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விதியின் வாசகத்தைப் படிக்காமல் மகிழ வேண்டாம். இங்கிலாந்தில், கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் 2016 வாக்கெடுப்பில் 80 சதவீதத்துக்கு மேலானோர் ஆதரித்த கட்டுப்பாடு, புதிதாகக் கட்டும் வீட்டை இரண்டாம் வீடாக வைத்திருக்கக் கூடாது என்றது. பழைய வீடுகளைப் பற்றி அது பேசவில்லை. வெளியூர்ப் பணம் போக வழி எங்கே திறந்திருக்கிறதோ அங்கேதான் போகும்.

பள்ளி இணைப்புச் செய்தியை நீங்கள் பொருட்படுத்த மாட்டீர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனால் பள்ளி மூடும் ஊரில் அடுத்து மருந்துக்கடையும் பேருந்தும் குறையும். ஓய்வு பெற்றவருக்கு அவைதான் வேண்டும். எனக்கு ஒரு பழக்கம் உண்டு: பருவம் முடிந்த பிறகு, வாரத்தின் நடுநாளில் இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் நடந்து, விளக்கெரியும் சன்னல்களை எண்ணுவேன். இருபது வீட்டில் ஆறில் மட்டும் விளக்கு என்றால் அது ஊரல்ல, வெறும் விடுதிதான். எந்தப் புள்ளிவிவரமும் இதைச் சொல்லாது.

வீட்டையும் பார்த்தாக வேண்டும். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் காரை உப்பி வெடிக்கும். பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள், பழுப்புக் கறை, நீளவாட்டில் விரிசல், தட்டினால் ‘டொப்பு டொப்பு’ என்ற ஓசை இருக்கிறதா என்று. புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். அடுக்ககமாக இருந்தால் சங்கத்தின் ஐந்தாண்டுக் கூட்டக் குறிப்புகளையும் பழுது நிதியின் இருப்பையும் கேட்டு வாங்குங்கள். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று இடிந்து 98 உயிர்களைக் கொண்டுபோன 12 மாடிக் கட்டடத்தில் பெரும் பழுதுச் செலவு குறித்து உரிமையாளர்களிடையே ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மறு ஆண்டே அந்த மாநிலம் பழைய அடுக்ககங்களுக்குக் கட்டமைப்பு ஆய்வையும் பழுது நிதியையும் கட்டாயமாக்கியது. அதுவரை மலிவாகத் தெரிந்த பல பழைய வீடுகளின் உண்மையான விலை அப்போதுதான் வெளிவந்தது.

பத்திரம் பற்றி ஒன்றே ஒன்று. கடலோர நிலத்தின் உரிமை, உள்நாட்டு நிலத்தின் உரிமையைப் போன்றதல்ல. ஸ்பெயினின் 1988 கடற்கரைச் சட்டம் கரையைப் பொதுச் சொத்தாக்கியபோது, அந்த எல்லைக்குள் விழுந்த பல வீடுகளின் உரிமை, குறிப்பிட்ட காலத்துக்கான அனுமதியாகச் சுருங்கிப்போனது. பல நாடுகளில் கடல் நீர் ஏறி வரும் உச்ச எல்லையிலிருந்து இத்தனை மீட்டர் வரை கட்டவோ விரிவாக்கவோ தடை உண்டு. இடிந்தால் அதே இடத்தில் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்குமா என்று திட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழிப் பதிலுக்கு மதிப்பில்லை.

உங்கள் நிலைமைக்கு என் யோசனை இது. நான்கு ஆண்டு கையில் இருக்கிறது, அதில் ஒரு மழைக்காலத்தை அந்த ஊரில் வாடகைக்கு இருந்து கழியுங்கள். முதல் வரிசை வீட்டை மறக்கச் சொல்லவில்லை. அதன் பிரீமியம், கரைத் திட்டத்தில் அதன் இடம், கம்பியின் நிலை, இந்த மூன்றும் தெரிந்த பிறகு பேசுங்கள். எட்டு மாதம் காத்திருந்த வீட்டுக்காரர் இன்னும் ஆறு வாரம் காத்திருப்பார். கூடுதல் பிரீமியத்தையும் பழுதையும் பத்து ஆண்டுக்குப் பெருக்கி, அந்தத் தொகையைக் கேட்கும் விலையில் கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள். அவர் இறங்காவிட்டால், மூன்று தெரு உள்ளே, நாலைந்து மீட்டர் மேட்டில் ஒரு வீடு பாருங்கள். கடலுக்கு நடந்து போக ஆறேழு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.