பாசி தாவரமா, இல்லையா? நூல்கள் முரண்படுவது ஏன்?

வணக்கம் சகோதரி. ஸ்பைரோகைரா என்னும் பச்சைப் பாசியைப் பழைய நூல் தாவரமென்றும், புதிய நூல் புரோட்டிஸ்டா (தாவரம், விலங்கு, பூஞ்சை எதிலும் சேராத, உட்கருவுள்ள எளிய உயிர்களின் பிரிவு) என்றும் கூறுவதால், மலேசியாவின் எஸ்டிபிஎம் உயர்நிலைப் பள்ளித் தேர்வு எழுதும் தங்கள் மகள் குழம்புவது இயல்பே.

வேர், தண்டு, இலை என்று பிரியாத உடலை அளவுகோலாகக் கொண்டு, ஜெர்மானியத் தாவரவியலாளர் ஐக்லர் 1883-இல் பாசிகளையும் பூஞ்சைகளையும் தாலோபைட்டா என்னும் ஒரே பிரிவில் வைத்தார். உயிர்களை ஐந்து பெரும்பிரிவுகளாகப் பகுத்த விட்டேக்கரின் 1969 ஐந்துலக முறையை உயிரியலாளர் மார்குலிஸ் திருத்தியபோதுதான் ஸ்பைரோகைரா போன்ற பலசெல் பாசிகளும் புரோட்டிஸ்டாவுக்குச் சென்றன.

பினாங்குத் தண்ணீர்மலை ஓடைக் கற்களில் வழுக்கும் பச்சை இழையொன்றை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டுங்கள். அது ஸ்பைரோகைராவாயின், செல்லுக்குள் சுருள்வில்போல் வளைந்தோடும் பசுங்கணிகம் (பச்சையம் உள்ள உறுப்பு) தெரியும். அதிலுள்ள பச்சையம் ஏ, பி இரண்டும், சேமிக்கும் மாவுச்சத்தும் நெற்பயிரில் உள்ளவையே. ஆகவே ஸ்பைரோகைரா தாவரங்களின் நெருங்கிய உறவு என்பதே என் துணிபு. நீலப்பச்சைப் பாசியோ, பெயரில் பாசி என்றிருந்தாலும், உட்கருவற்ற பாக்டீரியா. தேர்வில் மட்டும் பாடத்திட்டத்தின் வகைப்பாட்டையே எழுதட்டும்.