நகரம் தரும் கோடை வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கப் பெருநகர நிர்வாகங்கள் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் சம்பளத்துடன் வேலை தருவதைப் பற்றி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழும் வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்கள் எல்லாம் ஒரே பொருளைத் தொடுவதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் குடும்பம் நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் வசிக்கிறது. பதினாறு வயதுப் பேரன் இந்தக் கோடையில் நகர நிர்வாகத்தின் திட்டம் மூலம் ஒரு சிறுவர் முகாமில் வேலைக்குப் போகப் போகிறானாம். மருமகன் நல்ல வேலையில் இருக்கும்போது, படிக்கிற பிள்ளையை ஏன் சம்பாதிக்க அனுப்ப வேண்டும்? இது குழந்தைத் தொழிலாளர் முறை ஆகாதா? (மதுரை வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கவலைக்கு நம் நாட்டு அனுபவமே காரணம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தறிக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும், சிறுவர் வேலை என்ற சொல்லைக் கேட்டவுடன் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் உங்கள் பேரன் சேரப்போகும் திட்டம் படிப்பைப் பறிப்பதற்காக வந்ததன்று. பள்ளி மூடியிருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆறு வாரம் மட்டும் நடந்து, பள்ளி திறப்பதற்குள் முடிந்துவிடும்படி அதை அமைத்திருக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் 1963 முதல் இது நடந்து வருகிறது. நகரத்தின் இளைஞர் மற்றும் சமூக மேம்பாட்டுத் துறை பணத்தையும் விதிகளையும் பார்த்துக்கொள்ள, பேட்டைதோறும் இயங்கும் தொண்டு நிறுவனங்கள் பிள்ளைகளைப் பதிவு செய்து, பயிற்சி தந்து, வேலையிடங்களில் சேர்த்துவிடுகின்றன.

வயது வரம்பு 14 முதல் 24 வரை. 14, 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வேலை என்று எதுவும் தரப்படுவதில்லை. தங்கள் பகுதியின் ஏதாவது ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு குழுவாக ஆராய்ந்து தீர்வு எழுதுவது போன்ற செயல்வழிக் கல்வியும், அதற்கென ஒரு சிறு உதவித்தொகையும்தான் கிடைக்கும். 16 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு 25 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நகரத்தின் குறைந்தபட்சக் கூலி அவர்களுக்குக் கிடைக்கும். 2025இல் அது மணிக்கு 16.50 டாலராக இருந்தது. ஆறு வாரமும் தவறாமல் சென்ற ஒருவர் 2,475 டாலர் வரை ஈட்டியிருக்க முடியும். அதில் சமூகப் பாதுகாப்பு வரியும் மருத்துவக் காப்பு வரியும் சேர்ந்து 7.65 விழுக்காடு பிடித்தமாகும். தன் பெயரில் வந்த சம்பளச் சீட்டில் ஏன் தொகை குறைந்திருக்கிறது என்று கேட்டு, அரசுக்கு வரி எதற்கு என்பதை உங்கள் பேரன் முதன்முறையாகப் புரிந்துகொள்ளப் போவதும் இப்போதுதான்.

மேலும், நியூயார்க் மாநிலத்தில் 18 வயது நிரம்பாத எவரும் 'வேலைத்தாள்' என்னும் அனுமதிச் சான்று இல்லாமல் வேலைக்குச் சேர முடியாது. பெற்றோரின் ஒப்புதலும், உடல்நிலை வேலைக்கு ஏற்றதாக இருக்கிறது என்ற மருத்துவச் சான்றும் இருந்தால்தான் அது கிடைக்கும். நம் நாட்டுச் சட்டமும் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்து, 14 முதல் 18 வயது வரை உள்ளோரை ஆபத்தான தொழில்களிலிருந்து விலக்கிவைக்கிறது. இரண்டு சட்டங்களின் அக்கறையும் ஒன்றுதான். சிறுவர் முகாமில் உங்கள் பேரன் செய்யப்போவது குழந்தைகளை வரிசையில் நிறுத்துவது, விளையாட அழைத்துப் போவது, மதிய உணவு பரிமாறுவது, அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துவது போன்றவையாகவே இருக்கும். வீட்டில் தம்பி தங்கை இல்லாமல் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் இது அவனுக்குப் பெரிய கல்வி. தயங்காமல் வாழ்த்தி அனுப்புங்கள்.

கேள்வி: இந்த வேலைகளுக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்படுகிறேன். மதிப்பெண்ணோ தேவையோ பார்க்காமல் குலுக்கிப் போடுவது நியாயமா? (சேலம் வாசகர்)

பதில்: விண்ணப்பிப்போர் எண்ணிக்கை எப்போதும் இடங்களைவிட மிக அதிகமாக இருப்பதால், நியூயார்க்கில் பெரும்பாலான இடங்கள் குலுக்கல் முறையில்தான் நிரப்பப்படுகின்றன. அரசு காப்பகங்களில் வளர்வோர், வீடற்றோர், நீதிமன்ற வழக்குகளில் சிக்கியோர், நகரத்தின் பொதுக் குடியிருப்புகளில் வாழ்வோர் ஆகியோருக்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. போட்டியிட்டுத் தேர்வாகும் பிரிவும் ஒன்று உண்டு. சிபாரிசுக்கு இடமில்லாமல் செய்வதற்குக் குலுக்கலைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும், வேலை செய்ய ஆசைப்பட்டு மனு போட்ட பதினாறு வயதுப் பிள்ளையிடம் 'உன் எண் வரவில்லை' என்று சொல்ல நேர்வது வருத்தத்துக்குரியது. 2020 ஏப்ரலில் கொரோனா காரணமாகத் திட்டத்தையே ரத்து செய்வதாக நகரம் அறிவித்தது. இளைஞர்களும் தொண்டு நிறுவனங்களும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின் 35,000 பேருக்கு இணையவழியில் ஒரு சிறிய மாற்றுத் திட்டம் நடந்தது. 2022இல் மேயர் எரிக் ஆடம்ஸ் இடங்களை ஒரு லட்சமாக உயர்த்தியது அந்த நெருக்கடிக்குப் பின் நடந்த மிக நல்ல செயல்.

கேள்வி: கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். கோடை வேலை பார்த்த இளைஞர்கள் பிற்காலத்தில் கூடுதலாகச் சம்பாதிப்பதில்லை என்று நியூயார்க் ஆய்வு ஒன்று சொல்வதாகப் படித்தேன். அப்படியானால் மக்கள் வரிப்பணத்தை இதில் செலவிடுவதற்கு என்ன நியாயம்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: நீங்கள் படித்தது சரியான செய்தி, ஆனால் அந்த ஆய்வின் ஒரு பாதி மட்டுமே. குலுக்கல் முறை ஆய்வாளர்களுக்கு அரியதொரு வாய்ப்பைத் தந்துவிட்டது. ஒரே மாதிரியான வீடுகளிலிருந்து, ஒரே ஆர்வத்துடன் மனு போட்ட இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு வேலை கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவது தற்செயல் என்பதால், பின்னாளில் இருவருக்கும் இடையே தென்படும் வேறுபாட்டை அந்த வேலையின் விளைவாகக் கொள்ள முடிகிறது. 2005 முதல் 2008 வரை நியூயார்க்கில் நடந்த குலுக்கல்களை அலெக்சாண்டர் கெல்பர், ஆடம் ஐசன், ஜட் கெஸ்லர் ஆகிய மூவர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். வேலை பார்த்த ஆண்டில் வருமானம் கூடியது; அடுத்த மூன்று ஆண்டுகளில் அது சற்றே குறைந்தது; கல்லூரியில் சேர்வோர் எண்ணிக்கையில் மாற்றமில்லை. நீங்கள் படித்தது இதைத்தான். ஆனால் அதே ஆய்வில், வேலை கிடைத்த பிள்ளைகளில் சிறைக்குச் சென்றோரும் இளவயதில் இறந்தோரும் வேலை கிடைக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஒரு பெருநகரத்தில் ஆறு வார வேலை சில பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவர்கள் பிற்காலத்தில் எத்தனை டாலர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்ற கேள்வியை முதல் கேள்வியாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சிகாகோவில் கிடைத்த முடிவு இன்னும் வியப்பானது. அங்கே 2012 கோடையில், வன்முறை மிகுந்த பகுதிகளைச் சேர்ந்த 13 உயர்நிலைப் பள்ளிகளின் 1,634 மாணவர்களை வைத்து சாரா ஹெல்லர் நடத்திய ஆய்வு 2014இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. எட்டு வாரம் குறைந்தபட்சக் கூலிக்கு வேலை; ஒவ்வொருவருக்கும் வழிகாட்ட ஒரு பெரியவர். பதினாறு மாதங்களில், வேலைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைந்திருந்தது. தெருவில் சுற்ற நேரமில்லாமல் வேலையில் இருந்ததால்தானே குறைந்தது என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் குறைவின் பெரும்பகுதி வேலை முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கும் தெருவுக்கும் திரும்பிய பின்னரே ஏற்பட்டது. அதாவது, அந்த எட்டு வாரங்களில் அவர்களுக்குள்ளேயே ஏதோ மாறியிருக்கிறது. பாஸ்டன் நகரத்தின் கோடை வேலைக் குலுக்கலை ஆராய்ந்த அலிசியா மொடஸ்டினோவும் வன்முறை வழக்குகள் 35 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்.

என்ன மாறியது என்பதை எண்களால் அளப்பது கடினம். ஆனால் வேலை என்பது ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் எதையெல்லாம் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்ன ஒரு சொல் சுடும். பதிலுக்குக் கத்தாமல் நின்று, பிறகு தனியாகப் போய்த் தன் தரப்பைச் சொல்ல வேண்டும். பேருந்து தாமதமானால் தொலைபேசியில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் ஒரே கதையை நான்காம் முறை சொல்லும் பாட்டியிடம் முகம் சுளிக்காமல் உட்கார வேண்டும். பெற்றோரோ ஆசிரியரோ அல்லாத ஒரு பெரியவர் தன்னை நம்பிச் சாவியைக் கொடுக்கும்போது, அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் பிறக்கிறது. காவல்துறையின் வழியாக மட்டுமே நகர அரசை அறிந்திருந்த பிள்ளைக்கு, அதே நகரம் வேலை தந்து சம்பளமும் தருகிறது. உங்கள் மாணவர்களுக்கு இந்த ஆய்வுகளைக் கற்பிக்கும்போது, பிற்கால வருமானத்தை மட்டும் வைத்து ஒரு பொதுத் திட்டத்தை மதிப்பிட்டால் எதையெல்லாம் தவறவிட நேரும் என்பதற்கு எடுத்துக்காட்டாகவே இவற்றைக் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் நியூயார்க்கில் இருக்கிறோம். சென்ற கோடையில் என் மகளை ஓர் அலுவலகத்தில் சேர்த்தார்கள். நகலெடுப்பதும், காகிதங்களை அடுக்குவதும், மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுமாகவே ஆறு வாரமும் போயிற்று. சம்பளம் வந்தது, ஆனால் 'என்னால் அங்கே யாருக்கும் பயனில்லை, அப்பா' என்று வருந்தினாள். எல்லா இடத்திலும் இப்படித்தானா? (ஜமைக்கா, குவீன்ஸ் வாசகர்)

பதில்: எல்லா இடத்திலும் இப்படியில்லை, ஆனால் அரிதான அனுபவம் என்றும் சொல்வதற்கில்லை. இத்திட்டங்களின் பழைய நோயே இதுதான். தலைநகர் வாஷிங்டனில் 1979இல் மேயர் மேரியன் பேரி தொடங்கிய கோடை வேலைத் திட்டம் அந்நகரக் கறுப்பின மக்களின் குடும்ப நினைவுகளில் இன்றும் நன்றியோடு பேசப்படுகிறது. 'என் முதல் வேலை பேரி கொடுத்தது' என்று சொல்லும் ஒரு தலைமுறையே அங்கு உண்டு. இப்போது அத்திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் அதே திட்டம் 2008 கோடையில் போதிய ஏற்பாடின்றி விரிவாக்கப்பட்டபோது, செலவு எல்லை மீறிப் போனதோடு, வேலைக்கே வராதவர்களுக்கும் சம்பளம் போன அவலம் நேர்ந்தது. இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை தந்தோம் என்று எண்ணிக்கை சொல்வது அரசுகளுக்கு எளிது. அந்த ஆயிரங்களில் ஒவ்வொருவருக்கும் காலையில் வந்ததும் என்ன வேலை, யார் சொல்லித்தருவார் என்று கேட்பதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

உங்கள் மகள் சொன்ன வார்த்தை எனக்குப் பெரிதாகப் படுகிறது. சும்மா இருந்து சம்பளம் வாங்கியதில் மகிழாமல் பயனில்லையே என்று வருந்துகிற பெண்ணிடம், வேலை கற்றுத்தர வேண்டிய அடிப்படைக் குணம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது எந்தத் தொண்டு நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்கிறோம், அது எத்தகைய வேலையிடங்களோடு தொடர்பு வைத்திருக்கிறது என்பதை முன்பே விசாரியுங்கள். மனிதர்கள் நேரில் வந்து உதவி கேட்கும் இடங்களில், அதாவது நூலகம், சிறுவர் முகாம், பூங்கா, முதியோர் மையம் போன்றவற்றில், சும்மா உட்கார நேரம் இருக்காது. எங்கே சேர்த்தாலும் முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரிடம், 'இந்த ஆறு வாரத்துக்குள் நான் முழுதாக முடித்துத் தரக்கூடிய ஒரு பணியைக் கொடுங்கள்' என்று கேட்கச் சொல்லுங்கள். பல அலுவலகங்களில் பிள்ளைகள் வீணாக உட்கார்வதற்குக் காரணம் அலட்சியமாக இருப்பதில்லை. தம் வேலையையே முடிக்க முடியாத ஓர் ஊழியரிடம் கூடுதலாக மூன்று பிள்ளைகளை ஒப்படைத்திருப்பார்கள். அப்படிக் கேட்டும் ஒரு வாரத்தில் நிலைமை மாறாவிட்டால், சேர்த்துவிட்ட தொண்டு நிறுவனத்திடம் இடமாற்றம் கேட்பதில் தவறேதுமில்லை.

கேள்வி: கணவருக்கு ஹெச்-1பி விசா, எனக்கும் மகனுக்கும் அவரைச் சார்ந்தோருக்கான ஹெச்-4. மகனின் பள்ளித் தோழர்கள் எல்லோரும் கோடை வேலைக்குப் போகிறார்கள். அவனால் சேர முடியுமா? (நியூயார்க் வாசகி)

பதில்: சேர முடியாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி பெற்றவர்களுக்கே இத்திட்டம் திறந்திருக்கிறது. 2015 முதல் ஹெச்-4 விசாவில் உள்ள வாழ்க்கைத்துணைகளில் ஒரு சாராருக்கு வேலை அனுமதி கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த விதி பொருந்தாது. உதவித்தொகை என்ற பெயரில் பணம் கிடைப்பதாக இருந்தாலும் பெற்றுக்கொள்ளாதீர்கள். பின்னாளில் குடியேற்ற மனுவுக்கு அது தடையாக வரலாம். ஐந்து வயதில் வந்து, அந்த நகரத்தின் பள்ளியிலேயே படித்து வளர்ந்த பிள்ளை, தோழர்கள் வேலைக்குப் போகும் காலையில் வீட்டில் இருக்க வேண்டியிருப்பது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

அவனுக்குத் திறந்திருக்கும் வழி உண்மையான தொண்டு. நூலகம், பூங்கா, கோயில் ஆகியவற்றில் எப்போதும் தொண்டர்களாலேயே நடக்கும் பணிகளில் அவன் சேரலாம். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலையைச் சம்பளமில்லாமல் செய்வது அந்த வகையில் அடங்காது என்பதால், ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தின் நிரந்தரக் குடியிருப்பு (கிரீன் கார்டு) விண்ணப்பம் இறுதிக் கட்டத்துக்கு வந்து, மகன் பெயரிலும் விசாவிலிருந்து அந்த நிலைக்கு மாறுவதற்கான மனு அளிக்கப்பட்டுவிட்டால், அது நிலுவையில் இருக்கும்போதே அவனுக்கு வேலை அனுமதி அட்டை கேட்கலாம். 21 வயது நிரம்பினால் ஹெச்-4 தகுதி போய்விடும் என்பதால் தேதிகளை இப்போதே வழக்கறிஞரோடு கணக்கிட்டு வையுங்கள். அட்டை கைக்கு வந்துவிட்டால் 24 வயது வரை இத்திட்டத்துக்கு அவன் மனு போடலாம். கோடை வேலைக்கான விண்ணப்பக் காலம் கோடை தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது, ஆகவே முகவரிச் சான்று, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றைக் குளிர்காலத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.