சிட்னி நீதிமன்றத்தில் கொடுக்க, தெரிந்த பெடியன் ஒருவனுக்கு ஆங்கிலத்தில் நற்சான்றுக் கடிதம் எழுதுவது எப்படி? என் ஆங்கிலம் சுமார்தான்.

யாரோ வேண்டியவர் வீட்டுப் பிள்ளை குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டிருக்கிறான், தாய் தகப்பன் உங்களிடம் வந்து நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன். வேறு சின்ன வழக்கென்றாலும் இது பொருந்தும். நான் லோயர் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். தமிழ்ப் பள்ளியில் பல வருடம் பொறுப்பில் இருந்ததால் இப்படிக் கடிதம் கேட்டு ஆக்கள் வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு தாய். மகன் ஊதியதில் இரத்தத்தில் மது அளவு 0.09 என்று காட்டியிருக்கிறது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 0.08இலிருந்து 0.15க்குள் என்றால் நடுத்தர அளவு. முதல் தடவையானாலும் நீதிமன்றப் படி ஏறத்தான் வேண்டும். அவர் இணையத்தில் எடுத்த ஒரு கடிதத்தைத் தானே டைப் செய்து கொண்டுவந்திருந்தார், நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம். நேர்மையானவன், உழைப்பாளி, பண்பானவன், குடும்பப் பாங்கானவன். மாப்பிள்ளை தேடும் விளம்பரம் தோற்றது! என்ன வழக்கு என்று மட்டும் ஒரு சொல் இல்லை. "அதைப் போடாதேங்கோ அண்ணை, மானம் போயிடும்" என்றார்.

நீதவானின் மேசையில் வழக்குக் கோப்பே இருக்கிறது, யாரிடம் மறைப்பது? குற்றச்சாட்டைச் சொல்லாத கடிதத்தைப் பார்த்தால், எழுதியவருக்கு விஷயமே தெரியாது, பெடியன் மறைத்து வாங்கியிருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். அதனால் நானே புதிதாக எழுதினேன். "டூ ஹூம் இட் மே கன்சர்ன்" வேண்டாம். "த பிரிசைடிங் மஜிஸ்ட்ரேட்" என்று விலாசமிடுங்கள். நான் யார், என்ன தொழில், அவனை எப்படி, எவ்வளவு காலமாகத் தெரியும், எந்தக் குற்றச்சாட்டில் நிற்கிறான் என்பது எனக்குத் தெரியும் என்று முதல் பத்தியிலேயே போட்டேன்.

பிறகு பட்டங்களை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் எழுதினேன். வகுப்பு முடிந்ததும் மண்டபத்துக் கதிரைகளை அடுக்க நிற்பவன் அவன் ஒருவன்தான். (பெற்றோர் எஞ்சினை ஓடவிட்டபடி வாசலில் காத்திருப்பார்கள், இறங்கி ஒரு கதிரை தூக்க மாட்டார்கள். நிர்வாகக் குழுத் தேர்தல் என்றால் மண்டபம் நிரம்பி வழியும். அதே குழுதான் பள்ளியின் லெட்டர்ஹெட்டைத் தர மறுத்தது, பெயர் கெட்டுவிடுமாம். சரி, விடுவோம்.) பிடிபட்ட பிறகு எங்கள் வீட்டுக் குசினியில், ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல், "ஆரையும் இடிச்சிருந்தா என்ன செய்திருப்பன் சேர்?" என்று அவன் கேட்டதையும் எழுதினேன்.

லைசன்ஸைப் பறிக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் தகப்பன். முடியாது என்றேன். என்ன தண்டனை என்பது நீதவானின் வேலை, அதில் நாம் தலையிட்டால் எரிச்சல்தான் வரும். ஆனால் விடிய நாலு மணிக்கு ஃபிளெமிங்டன் சந்தையில் வேலை தொடங்குகிறது, லைசன்ஸ் இல்லாவிட்டால் போய்ச்சேருவது கஷ்டம் என்று நிலைமையைச் சொல்லலாம், சொன்னேன்.

குடிகாரனுக்கு வக்காலத்தா என்று சிலர் கேட்கலாம். அவன் செய்தது சரி என்றோ பொலிஸ் பிழை என்றோ நான் எழுதவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் மாட்டிக்கொள்வது நீங்கள். மார்கஸ் ஐன்ஃபெல்ட் ஓய்வுபெற்ற கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி. 2006இல் 77 டொலர் வேக அபராதத்துக்காக, காரை ஓட்டியது தன் சிநேகிதி என்று சத்தியம் செய்தார். அந்தப் பெண் அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்திருந்தார்! அந்தப் பொய்யால் 2009இல் ஐன்ஃபெல்ட் சிறைக்குப் போனார்.

நம் பெடியனுக்கு அபராதமும் விழுந்தது, லைசன்ஸும் போனது. கடிதத்தால் என்ன பிரயோசனம் என்று தகப்பன் இன்னும் கேட்கிறார். எந்தக் கடிதமும் வழக்கை இல்லாமல் ஆக்காது.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொரு வரியும் சின்னதாக, மொத்தம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். திகதி, கையெழுத்து, ஃபோன் நம்பர் போட்டு அவர்களுடைய லோயரிடம் கொடுங்கள், நீங்களாக நீதிமன்றத்துக்குத் தபாலில் போடாதீர்கள். வழக்குக்கு முந்தின இரவு பத்து மணிக்கு வந்து கேட்பவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதில்லை, நீங்களும் தாராளமாக மறுக்கலாம்.