ஜீப்பை உயர்த்துவதா, டயரை மாற்றுவதா?

கேள்வி: என்னிடம் பழைய சுசுகி எஸ்ஜே413 ஜீப் ஒன்று இருக்கிறது. கிழமை நாட்களில் கடைக்குப் போய்வர, ஞாயிறு என்றால் நண்பர்களோடு ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் காட்டுத்தடத்தில் ஓட. கையில் 4 இலட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை அக்சிலுக்கு மேலே ஏற்றி வெல்ட் அடித்தால் ஜீப் 5 அங்குலம் உயரும், இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலையும் வெல்ட் அடித்துப் பூட்டிவிடலாம், மலிவாக முடியும் என்று கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: இரண்டும் வேண்டாம். வேலை மலிவுதான். அதற்குப் பிறகு வரும் செலவைத்தான் கராஜில் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் ஜீப்பில் முன்னும் பின்னும் முழு அக்சில். டிஃபரன்ஷியல் உருண்டை அக்சிலோடு ஒன்றாகவே தொங்குகிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் மேலே போவது வண்டியின் உடல்தான். உருண்டைக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. அந்த இடைவெளியைக் கூட்டுவது டயர் மட்டும். மாரியில் வயல் தடங்களில் உழவு இயந்திரங்கள் போட்ட இரட்டைப் பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் நிற்கும் மண்மேட்டில் முதலில் போய் முட்டுவது அந்த உருண்டைதான். உயர்த்திய ஜீப்பும் அதே மேட்டில்தான் இறுகும். என்ன, பார்க்கக் கொஞ்சம் எடுப்பாக நிற்கும்.

ஸ்பிரிங்கை அக்சிலுக்கு மேலே மாற்றினால் சக்கரத்தைத் திருப்பும் இணைப்புத் தண்டின் சாய்வு கூடும், குழியில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக இழுக்கும். அக்சிலேட்டரை அழுத்தும்போது ஸ்பிரிங் முறுகி, அக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் குறுக்கு மூட்டைத் தின்னும். பிரேக் ஹோஸும் நீளம் போதாமல் இழுபடும். இதையெல்லாம் சரிசெய்யும்போது அந்த மலிவு எங்கே போனதென்று தெரியாது. சக்கர இடைவெளி 2 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும் குட்டி வண்டி வேறு. 5 அங்குலம் தூக்கிக்கொண்டு ஏ9 வீதியில் ஒரு மாட்டுக்காகச் சடாரென்று ஒடித்தால், மாடு தப்பிவிடும்.

அப்ப காசை எங்கே போடுவது? முதலில் தேய்ந்ததை மாற்றுங்கள். முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரம் திரும்பும் முளையான கிங்பின்னின் பேரிங்கோ சக்கர பேரிங்கோ போயிருக்கிறது. வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்குவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஸ்பிரிங் புஷ்களையும், ஸ்பிரிங் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் ஷக்கிளின் புஷ்களையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். முன் சக்கரத்தை அக்சில் ஷாஃப்டோடு இணைக்கும் ஹப் பூட்டு உண்மையில் பூட்டுகிறதா என்றும் பாருங்கள். பூட்டாமல் நான்கு சக்கர கியரைப் போட்டுவிட்டு, இழுக்கவில்லையே என்று ஜீப்பைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது டயர். தொகையில் பாதிக்கு மேல் இதற்குத்தான். உங்கள் ஜீப்பில் 205/70ஆர்15 இருந்தால் டயரின் உயரம் ஏறத்தாழ 668 மில்லிமீட்டர். 215/75ஆர்15 போட்டால் 703. உருண்டை 18 மில்லிமீட்டர் உயரும், பெரும்பாலும் எங்கும் உரசாது. 235/75ஆர்15 என்றால் 733. உருண்டை 33 மில்லிமீட்டர் உயரும். ஆனால் மட்கார்டில் உரசக்கூடும், 1.3 லீட்டர் எஞ்சினுக்கு இழுவையும் குறையும். டயர் 10 சதவீதம் பெரிதானால் கியர் அந்த அளவுக்கு உயர்ந்த மாதிரி. வேகமானி 60 காட்டும்போது உண்மையில் 66இல் போவீர்கள். அக்சில் கியரை மாற்றினால் இழுவையை மீட்கலாம். ஆனால் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும், 4 இலட்சத்துக்குள் அது அடங்காது. எனவே சேற்று டயராகப் பார்த்து 215இல் நில்லுங்கள். கூடவே சிறிய காற்றுப் பம்ப் ஒன்றும் காற்றளவு மானியும் வாங்குங்கள். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினாலே ஜீப் வேறு வண்டியாகிவிடும். தார் வீதி ஏறுமுன் திரும்ப நிரப்ப மறக்க வேண்டாம்.

ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். கூடுதல் பிளேட் செருகுவது பாரம் ஏற்றுபவர்களுக்குச் சரி. வெறும் ஜீப்பில் ஸ்பிரிங் விறைத்து, பள்ளத்தில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கும். தொங்கும் சக்கரம்தான் சுற்றும், நிலத்தில் நிற்பது சும்மா நிற்கும். நீள ஷக்கிள் போட்டால் அதன் கூடுதல் நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஷொக் அப்சோபர் வாங்கும்போது சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையிலும் முழுதாக அமுங்கிய நிலையிலும் அளந்து கொண்டுபோய் வாங்குங்கள். குட்டையாக இருந்தால் பிடிமானத்தையே பிய்த்துவிடும்.

மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் எது என்றால், அக்சிலுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய்க்கு ரப்பர் ஹோஸ் மாட்டி எஞ்சின் பெட்டி வரை மேலே கொண்டுபோவது. குளம் வான் பாயும் நாட்களில் ஓடிச் சூடான அக்சில் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, கிடைத்த வழியாக நீரை உறிஞ்சும். வீட்டுக்கு வந்து டிரெயின் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். ஒயில் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் வந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

மிச்சம் இருந்தால் பின் அக்சிலுக்கு, தேவைப்படும்போது மட்டும் இரு சக்கரங்களையும் தானே பூட்டும் ஒரு தானியங்கி லொக்கர், இல்லையென்றால் அடுத்த வருடம். வெல்ட் அடித்த டிஃபரன்ஷியல் சேற்றில் நன்றாகத்தான் இழுக்கும். ஆனால் தார் வீதியில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயரைத் தேய்த்து, ஒருநாள் அரை ஷாஃப்டை முறிக்கும். கிழமை நாட்களில் கடைக்குப் போகும் வண்டிக்கு அது ஆகாது. எதை மாற்றினாலும் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

இன்னொன்று: கண்ணிவெடி எச்சரிக்கையான சிவப்புப் பலகையில் மண்டையோடு தெரிந்தால், ஜீப் எவ்வளவு உயரமானாலும் அங்கே திரும்புங்கள். ஒதுக்குக் காட்டுக்குள்ளும் புதுத்தடம் போடாதீர்கள்.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் பாவித்த அக்சில் ஒன்று முழுதாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், நெடுங்கேணி)

பதில்: விகிதம் தெரிந்தால் வாங்கலாம். பிரேக் டிரம்மில் ஒரு சோக் கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் பொருந்தும் முனையான பினியனில் ஒரு கோடு போடுங்கள். இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்து ஒரே திசையில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பினியன் எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். அந்த எண் உங்கள் மற்ற அக்சிலோடு ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். ஒயிலை வடிகட்டி காந்தத்தில் தேடுங்கள். மாவாக ஒட்டினால் சாதாரணத் தேய்வு, துண்டாக வந்தால் பல் உடைந்திருக்கிறது. கழற்றிப் பார்க்க விடாத கடையில் காசு கொடுக்காதீர்கள்.