பழைய ஐடியூன்ஸ் பாட்டுகள் மறுபடி மறுபடி அனுமதி கேட்டால்

வணக்கம் நண்பரே. விண்டோஸில் ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸை அப்டேட் செய்தபின் 2006-இல் வாங்கிய பாட்டுகள் ஓடவில்லை, பாஸ்வேர்டு கொடுத்தால் 'ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுள்ளது' என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்கிறது என்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள் எங்கும் போய்விடவில்லை.

முதலில் ஒரு பாட்டை ரைட் கிளிக் செய்து அதன் விவரத்தில் ஃபைல் பகுதியைப் பாருங்கள். 'புரொடெக்டட் ஏஏசி' என்றிருந்தால் அது பூட்டுள்ள பழைய வகை, அனுமதி கொடுத்த கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். எந்த ஆப்பிள் ஐடியில் வாங்கியது என்பதும் அங்கேயே இருக்கும். பலர் இப்போதைய ஐடியின் பாஸ்வேர்டையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தேவைப்படுவது அன்று வாங்கிய ஐடி.

ஐடி சரிதான் என்றால், உரிமத் தகவல் உள்ள ஃபோல்டர் கெட்டிருக்கலாம். ஐடியூன்ஸை மூடுங்கள். மறைந்த ஃபோல்டர்கள் தெரியும்படி வைத்து, சி டிரைவில் புரோகிராம்டேட்டா, ஆப்பிள் கம்ப்யூட்டர், ஐடியூன்ஸ் என்று உள்ளே போனால் 'எஸ்சி இன்ஃபோ' இருக்கும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, அக்கவுண்ட் மெனுவில் ஆத்தரைசேஷன்ஸ் போய் மறுபடி அனுமதி கொடுங்கள். புது ஃபோல்டர் தானே உருவாகும்.

ஒரு ஐடிக்கு 5 கம்ப்யூட்டர் வரைதான் அனுமதி. '5 கம்ப்யூட்டர் ஆகிவிட்டது' என்று வந்தால், அக்கவுண்ட் பக்கத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் அனுமதியையும் ஒரேயடியாக நீக்கலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு முறைதான், அவசரப்பட்டு அதைச் செலவழிக்காதீர்கள்.

ஓட ஆரம்பித்ததும் அந்தப் பாட்டுகளை ஆடியோ சிடியில் எழுதி வையுங்கள், சிடியில் பூட்டு இருக்காது. பூட்டுள்ள பாட்டு இருக்கும் ஒரே பிளேலிஸ்ட்டை 7 முறை வரை எழுத விடும். 2009-க்குப் பிறகு ஆப்பிள் பூட்டில்லாமலே பாட்டு விற்கிறது, அதனால் புதிதாக வாங்கியவற்றுக்கு இந்தத் தொல்லை வராது.

ஃபோல்டர் பெயரை மாற்றியும் கேட்டால், திரையில் வரும் வரியை அப்படியே எழுதுங்கள், பார்க்கிறேன்.