விக்காம் முனையின் விளக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவின் கிங் தீவில், விக்காம் முனையில் நிற்கும் கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1845இல் ‘கட்டராக்கி’ கப்பலில் 400 பேர் மாண்ட பின்னும் அங்கே விளக்கேற்ற 16 ஆண்டுகள் ஆனது அரசின் அலட்சியம்தானே? விளக்குக் காவலர்களின் தனிமையைப் பற்றியும் எழுதுங்கள்.
– வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முன்பின் அறியாத 400 பேருக்காக உங்கள் மனம் ஆறாமல் தவிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தனிமையைப் பாடக் கவிஞர்கள் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுவோம். ஆனால் கடல் வரைபடத்தை ஒருமுறைகூட விரித்துப் பார்க்காமல் ‘அலட்சியம்’ என்று தீர்ப்பெழுதிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

லிவர்பூலில் புறப்பட்டு, மூன்று மாதங்களுக்கு மேல் கடலில் கிடந்து வரும் பாய்க்கப்பலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லச் சூரியனும் கடிகாரமும்தான் உண்டு. கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் அந்தக் கடலில் கணக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் பிசகும். மேகம் மூடினால் அந்தக் கணக்கும் இல்லை. கட்டராக்கியின் தலைவர் ஃபின்லே, இரவில் கப்பலை நிறுத்தி வைத்திருந்தவர், கரை வெகுதொலைவில் என்று நம்பி விடியுமுன் பாய் விரித்தார்; கப்பல் கிங் தீவின் பாறைகளில் மோதியது. பிழைத்தவர்கள் 9 பேர்.

வடக்கே ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஓட்வே முனை, தெற்கே கிங் தீவில் விக்காம் முனை, இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கடல். அதற்குள் நுழைவதை மாலுமிகள் ஊசிக்காதில் நூல் கோப்பதென்றே சொன்னார்கள். ஓட்வேயில் 1848லேயே விளக்கேற்றிவிட்டார்கள். எதிர்ப்புறமும் ஒன்று எரிந்தால் கப்பல்கள் தீவை நோக்கி ஈர்க்கப்படும், ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்கும் என்று அஞ்சியவர்கள் முட்டாள்கள் அல்லர்.

1861இல் விக்காமில் 48 மீட்டர் உயரத்தில், ஆஸ்திரேலியாவிலேயே உயரமான கோபுரம் எழுந்தது. அதன் பிறகும் 1866இல் ‘நெதர்பி’ கப்பல் அதே தீவின் மேற்குக் கரையில் மோதியது. 450க்கும் மேற்பட்டோர் அனைவரும் தப்பினர். உதவி கேட்டுப் புதர்க்காட்டினூடே அந்தக் கலங்கரை விளக்கத்திற்கே நடந்துபோனார் இரண்டாம் அதிகாரி. 1874இல் ‘பிரிட்டிஷ் அட்மிரல்’ மோதியபோது அந்த அதிர்ஷ்டம் இல்லை, 79 பேர் மாண்டனர். மேற்குக் கரையின் கர்ரியில் இன்னொரு விளக்கு 1880இல்தான் வந்தது.

ஓட்வே விளக்கை இடக்கைப் பக்கம் வைத்து நுழைய வேண்டிய கப்பல், விக்காம் விளக்கை ஓட்வே என்று நம்பி இடக்கைப் பக்கம் வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். அதன்பிறகும் அலட்சியம் என்று தோன்றினால் எழுதுங்கள், வாதாடலாம்.